ஹிப் ஹாப் தமிழன் (இசைத்தொகுப்பு): ஒரு திறனாய்வு

'ஹிப் ஹாப் தமிழன்' என்பது ஹிப்ஹாப் தமிழா என்னும் இருவர் குழு 2012-இல் வெளியிட்ட சொல்லிசைத் தொகுப்பு. ஆதி, ஜீவா ஆகிய இருவரும் சேர்ந்து அமைத்த குழு இது. ஆதி கோயம்புத்தூரைச் சேர்ந்தவர், பொறியியல் படித்தவர். ஆர்குட் என்ற சமூகத்தளம் வழியாக இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. பெரிய இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தோ சபாவில் அரங்கேறியோ இவர்கள் வரவில்லை. கணினியில் தாளம் அமைத்து, அதன்மேல் தாங்களே எழுதிய வரிகளைச் சொல்லி, இணையத்தில் ஏற்றிப் பழகியவர்கள். திரைப்படத்துக்கு வெளியே பிறந்து பெருங்கூட்டத்தைச் சென்றடைந்த தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளில் இது முக்கியமானது. இளைஞர் சிலர் 'அண்டர்கிரவுண்ட்' என்று சொல்லும் வகைக்குத் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவதும் இதுவே.

இந்தியாவின் முதல் தமிழ் ஹிப் ஹாப் தொகுப்பு என்று இது பரவலாகக் குறிக்கப்படுகிறது. இதில் 'இந்தியாவின்' என்ற சொல்லை மாணவர்கள் விட்டுவிடக் கூடாது. மலேசியாவின் யோகி பி குழுவினர் 'வல்லவன்' என்ற முழுத் தமிழ்த் தொகுப்பை 2006-லேயே வெளியிட்டுவிட்டனர். அதற்கும் முன்னர், 1994-இல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' வந்தது. சென்னைப் பேச்சுத் தமிழ் தாளத்தில் எவ்வளவு இயல்பாக உட்காரும் என்பதை அந்த ஒரு பாட்டே காட்டிவிட்டது. ஆனால் அது படத்துக்காகச் செய்யப்பட்ட பாட்டு. 'வல்லவன்' கடல் கடந்து வந்த குரல். தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன் தன் அறையில் அமர்ந்து நானும் இப்படிச் செய்யலாம் என்று எண்ண வைத்தது 2012-இன் இத்தொகுப்புதான். வரலாற்றில் இதன் இடம் அந்த எண்ணத்தில் இருக்கிறது. முதலா இரண்டாவதா என்ற கணக்கு அவ்வளவு பெரிதன்று.

பெயரின் இலக்கணம்

குழுவின் பெயர் 'தமிழா' என்று முடிகிறது. தொகுப்பின் பெயர் 'தமிழன்' என்று முடிகிறது. முன்னது விளி வேற்றுமை, பின்னது எழுவாய். ஒன்று யாரையோ அழைக்கிறது, மற்றொன்று 'நான் இன்னான்' என்று அறிவிக்கிறது. அழைப்பதிலிருந்து அறிவிப்பதற்கு நகர்ந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஆண்பால் ஒருமையே. 'தமிழர்' என்றிருந்தால் பலர்பாலாகிப் பெண்ணையும் சேர்த்திருக்கும். பெயர் வைத்தவர்கள் இவ்வளவு யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். பேச்சில் எல்லோரும் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனினும் தொகுப்பைக் கேட்டு முடிக்கும்போது, பெண் அதில் எங்கே நிற்கிறாள் என்ற கேள்விக்கு இந்த 'அன்' விகுதி முன்கூட்டியே ஒரு விடை தந்துவிட்டதைக் காணலாம்.

மற்றொன்றும் உண்டு. தமிழ்ப்பெருமை பேசும் தொகுப்பின் பெயரில் மூன்று சொற்கள். அவற்றுள் இரண்டு ஆங்கிலம். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் கையிலெடுத்த கலை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970-களில் கருப்பின இளைஞரும் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் உருவாக்கியது. கலை இரவலாக வந்தது என்பதைப் பெயர் ஒளிக்கவில்லை. பெயரில் உள்ள இந்த நேர்மை பாட்டின் கருத்திலும் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

ஓசையும் யாப்பும்

முதலில் இத்தொகுப்பு நன்றாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லிசை செய்வதில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. ஆங்கிலச் சொற்களில் ஓர் அசை அழுத்தம் பெறும், மற்றவை தளரும். நாலடித் தாளத்தில் அழுத்த அசைகளைத் தட்டின்மேல் வைத்துவிட்டால் ஆங்கில வரி தானே ஓடும். தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது. குறில், நெடில், ஒற்று என்ற அளவே பொருளைத் தாங்குகிறது. 'கல்' வேறு, 'கால்' வேறு. வேகமாகச் சொல்லும்போது நெடிலைச் சுருக்கினால் சொல்லே மாறிவிடும். ஆங்கிலப் பாணியை அப்படியே நகலெடுத்துத் தமிழை அடைக்கிறவர்கள் வழுக்குவது இங்கேதான். அவர்கள் வரிகள் தமிழாகவே ஒலிப்பதில்லை.

இருவர் குழு பெரும்பாலும் வழுக்கவில்லை. நெடிலைத் தட்டின்மேல் உட்கார வைத்து, குறில்களை இடையில் ஓடவிடும் முறை இவர்கள் பாட்டில் காதில் படுகிறது. இந்த முறைக்குத் தமிழில் நீண்ட மரபு இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருப்புகழில் கட்டிய சந்தங்கள் முழுக்கவும் குறில், நெடில், ஒற்று இவற்றின் அடுக்கில் நிற்பவை. மெல்லினம் வரும் இடத்தில் வல்லினம் வந்தால்கூடச் சந்தம் கெடும். திருப்புகழை விரைவாகச் சொல்லிப் பழகிய ஒருவருக்குச் சொல்லிசை அந்நியமாக இராது. சொல்லிசைப் பாடகரைத் தமிழ் வகுப்பில் அறிமுகம் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு இது நல்ல வாசல். மாணவர்கள் மறுநாள் தாமாகவே மேசையில் தாளம் தட்டிக்கொண்டு வருவார்கள்.

தொடையைப் பொறுத்தவரை கதை வேறு. ஆங்கிலச் சொல்லிசை இயைபை, அதாவது அடியிறுதி ஒன்றி வருவதை, பெரிதும் நம்புகிறது. தமிழில் இயைபு மிக எளிது. வினைமுற்று விகுதிகளே 'ஏன்', 'ஆன்', 'ஓம்' என்று ஒத்துப்போகும், வரியிறுதியில் 'டா' சேர்த்தாலும் போதும். எளிதாகக் கிடைப்பது காதுக்கு விரைவில் சலிக்கும். நம் பழைய புலவர்கள் இதனால்தான் எதுகையையும் மோனையையும் பெரிதாகப் போற்றினார்களோ என்னவோ. இத்தொகுப்பு இயைபையே அதிகம் சார்ந்திருக்கிறது. பெரும் புகழ்பெற்ற பாட்டின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம்: 'கிளப்புல மப்புல'. மாணவர் பலர் இதை எதுகை என்று சொல்லிவிடுவார்கள். முதற்சொல்லின் இரண்டாம் எழுத்து 'ள', அடுத்ததன் இரண்டாம் எழுத்து 'ப்'. ஆகவே இது எதுகையன்று, இயைபு. எதுகை நிரம்பிய வரிகள் இன்னும் கூடியிருந்தால் சொல்லிசையில் தமிழின் தனி முத்திரை இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

கிளப்புல மப்புல

2011-இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் பாடிய காணொலி யூடியூபில் பரவியதுதான் குழுவைத் தமிழ்நாடு முழுக்க அறியச் செய்தது. இரவு விடுதிக்குச் சென்று குடிக்கும் இளம்பெண்களைப் பார்த்துப் பண்பாடு போயிற்றே என்று வருந்தியும் கண்டித்தும் பேசும் பாட்டு. நகைச்சுவையும் இருக்கிறது. வேகமும் பேச்சுத் தமிழின் துள்ளலும் சேர்ந்து முதல் முறை கேட்பவரை இழுத்துவிடும். அன்று அதை ரசித்தவர்களில் பெண்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

பாட்டின் பெயரை இன்னொரு முறை பிரித்துப் பார்க்கலாம். 'கிளப்பு' ஆங்கிலச் சொல். அதோடு உகரம் சேர்த்து, பேச்சு வழக்கின் 'ல' என்ற ஏழாம் வேற்றுமை உருபை ஒட்டியிருக்கிறார்கள். 'மப்பு' பழைய தமிழ்ச்சொல். மேகமூட்டத்தைக் குறித்தது, பின்னர் குடிமயக்கத்துக்கு ஆகிவந்தது. 'மப்பும் மந்தாரமுமாக' என்று இன்றும் வானத்தைச் சொல்கிறோம். வந்த சொல்லும் வீட்டுச் சொல்லும் ஒரே உருபை ஏற்று, ஒரே தாளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கலப்பினால் தமிழ் கெடவில்லை, இங்கே அழகாகவே இருக்கிறது. இப்படிக் கலந்து, அமெரிக்கத் தாளத்தில், அரைக்கால் சட்டையும் தொப்பியும் சொல்லிசையோடு சேர்ந்து வந்த ஒரு காலத்தில் நின்றுகொண்டு பாட்டு சொல்வது என்ன? மேல்நாட்டு வழக்கத்தைத் தொட்ட பெண் தமிழ்ப்பண்பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்பது. வெளியிலிருந்து வந்ததை ஆண் எடுத்தால் அது கலை. பெண் எடுத்தால் அது கேடு. வடிவம் ஒன்று சொல்ல, கருத்து அதற்கு எதிராகச் சொல்கிறது.

'செந்தமிழ்ப் பெண்ணே' என்ற பாட்டு இதன் மறுபக்கம். அங்கே பெண் ஏசப்படவில்லை, போற்றப்படுகிறாள். ஆனால் அவளுக்குக் கிடைக்கும் அடைமொழி மொழிக்கு உரியது. 'செந்தமிழ்' என்று ஒரு பெண்ணை அழைக்கும்போதே அவள் கலப்பில்லாதவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உள்ளே வந்துவிடுகிறது. மொழியைப் பெண்ணாகவும் தாயாகவும் பாடுவது நமக்குப் பழகிய மரபுதான். பெண்ணை மொழியாக்குவது அதைத் திருப்பிப் போட்ட வேலை. முதலாவதில் மொழி உயர்கிறது. இரண்டாவதில் மொழியின் சுமை முழுதும் ஒருத்தியின் உடை, நடை, பேச்சின் மேல் ஏறுகிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதியபோது அவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு முன்னாலேயே திரைப்படங்கள் பல்லாண்டுகளாக இதே அறிவுரையை 'நாகரிக' நாயகிக்குக் கடைசிக் காட்சியில் சேலை கட்டிவிட்டுச் சொல்லி வந்தன. கல்லூரி விடுதிகளிலும் இதே பேச்சுதான். ஆயினும் திரைக்கு வெளியே வந்த கலை, திரையின் பழைய பாடத்தையே ஒப்பித்தது என்பது வருத்தம் தருவதே. வெளியே வந்ததன் பயன் அங்கே குறைந்துவிட்டது.

ஊர் எங்கே?

இந்தத் தொகுப்பை எடைபோட அமெரிக்கத் தென்மாநில இருவர் குழு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த ஊர், லூசியானா மாநில எல்லைக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து வந்த பன் பி, பிம்ப் சி இருவரும் 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு யு.ஜி.கே. என்று அறியப்பட்டனர். 1992-இல் 'தி சதர்ன் வே' என்ற ஒலிநாடாவை ஹூஸ்டனின் ஒரு சிறு நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிசுமே சொல்லிசையின் தலைநகரங்கள் என்றிருந்த காலம் அது. 1996-இல் வந்த 'ரைடின் டர்ட்டி' தனிப்பாடல் வெளியீடோ காணொலியோ இல்லாமலேயே விற்றது.

அவர்கள் பாட்டில் ஊர் கேட்கும். தென்மாநிலத்து இழுத்துப் பேசும் பேச்சு, தேவாலய ஆர்கனின் ஓசை, ப்ளூஸ் கிதார் எல்லாம் அப்படியே வந்தன. தாங்கள் செய்வது நாட்டுப்புற ராப் பாட்டு என்றே பிம்ப் சி சொல்லிக்கொள்வார். நியூயார்க்காரரைப்போலப் பேச அவர்கள் முயலவில்லை. பெண்களைப் பற்றி அவர்கள் பாடியவை இங்கே மேலே சொன்னவற்றைவிடப் பலமடங்கு மோசம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரைக் கேட்க வைத்தவர்கள் என்பதால் அவர்களை எல்லாவற்றிலும் முன்மாதிரியாக்க முடியாது.

கோவைக் குழுவின் தொகுப்பில் கோவை எங்கே? கொங்குத் தமிழின் 'ங்க' கொஞ்சும் பேச்சு, பஞ்சாலைச் சங்கு, நொய்யல், தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசும் தெருக்கள் எவையும் காதில் நிற்பதில்லை. பேசப்படுவது பொதுவான நகரத்துப் பேச்சுத் தமிழ், நடுநடுவே மேடைத்தமிழ். 'தமிழ்' என்ற பேருருவம் வருகிறது, ஒரு தெருவின் பெயர் வருவதில்லை. பெருமை எங்கும் பரந்து நிற்கிறது, எதிலும் கால் ஊன்றவில்லை. கால் ஊன்ற ஊர் இல்லாத பெருமைக்குக் காவல் காக்க ஏதாவது ஒன்று வேண்டும். அப்போது கைக்கு எட்டுவது பெண்ணின் நடத்தை. இத்தொகுப்பின் இரண்டு குறைகளும் தனித்தனி அல்ல என்று கருத இடமிருக்கிறது.

ஓசூரிலிருந்து கேட்டால்

போர்ட் ஆர்தரைப்போலவே மாநில எல்லையில் ஆலைகளால் வளர்ந்த ஊர் தமிழ்நாட்டிலும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஊரின் பெயரே கன்னடத்தில் 'ஹொச ஊரு', அதாவது புது ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வண்டி, கைக்கடிகாரம், இயந்திர பாகங்கள் என்று ஆலைகள் பெருகின. தருமபுரி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும், பிற்காலத்தில் வட மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தெலுங்கு வீட்டில், தமிழ் பள்ளியில், கன்னடம் சந்தையில், இந்தி ஷிப்டில் என்று நான்கு மொழியில் நாளை ஓட்டுகிற இளைஞர் இங்கே வியப்புக்குரியவர் அல்லர். உருது பேசும் குடும்பங்களும் பல தலைமுறையாக இருக்கின்றன.

இந்த ஊரில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்போனில் 'தமிழன்' என்று ஒலிக்கும் பாட்டைக் கேட்கிறவரில் யார் தமிழர்? வீட்டில் தெலுங்கு பேசி, பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண் அந்தச் சொல்லுக்குள் வருவாரா? தொகுப்பு இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. எல்லைக்கு நூறு கிலோமீட்டர் உள்ளே இருந்தால் இது தோன்றாமல் போகலாம். எல்லையில் அப்படி இருக்க முடியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே மூட்டை முடிச்சுகளோடு மக்கள் நடந்து கடந்தார்கள். எந்த மொழி பேசுகிறோம் என்பது அன்று உடம்புக்கு ஆபத்தான செய்தி. அதே நாளில் ஒரே சாலையில் தமிழரும் கன்னடரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். மொழிப்பெருமையை உரக்கச் சொல்வது ஒருபுறம் ஆறுதல். மறுபுறம் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய விலையும் இங்கே தெரியும்.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் பார்க்கலாம். பெங்களூருவில் புரோதா வி முதலியோர் இருந்த ஆங்கிலச் சொல்லிசைக் குழுவின் பெயர் 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்'. அமெரிக்கக் குழு ஒன்றின் பெயரைக் கேலியாகத் திருப்பியவர்கள், நடுவில் வைத்தது நம் 'மச்சான்' என்ற உறவுச்சொல்லை. கன்னடத் தலைநகரில், ஆங்கிலத்தில் பாடும் இளைஞர்கள் ஒருவரையொருவர் அழைக்கத் தமிழ்ச்சொல் வேண்டியிருந்தது. யாரும் அதைப் பெருமை என்று முழங்கவில்லை. மொழி இப்படித்தான் ஓசையில்லாமல் எல்லை கடக்கிறது. ஓசூர்ப் பையன் 'மச்சா' என்றும் 'குரு' என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். அந்த மூச்சில் ஒரு சொல்லிசைப் பாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது.

பின்வந்தவை

தொகுப்புக்குப் பின் குழு வேகமாகத் திரைக்குள் நுழைந்தது. 2013-இல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' பாட்டில் ஆதி பாடினார். 2015-இல் 'ஆம்பள' படத்தின் வழியாக இருவரும் இசையமைப்பாளர் ஆனார்கள். தமிழ்நாட்டில் திரைக்கு வெளியே நெடுங்காலம் பிழைப்பது கடினம் என்பதால் இதைக் குறையென்று சொல்வது நியாயமாகாது. 2017-இல் ஆதியே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு' தம் தொடக்க நாட்களைக் கதையாக்கியது. வேடிக்கை என்னவென்றால், தொகுப்பில் காணாமற்போன கோவை இந்தப் படத்தில் வந்துவிட்டது. வீடு, அப்பா, கல்லூரி, சென்னைக்குப் பெட்டி தூக்கிய பயணம் எல்லாம் கால் ஊன்றி நிற்கின்றன. பாட்டில் சொல்லத் தோன்றாததைப் படத்தில் சொல்லத் தோன்றியிருக்கிறது.

தொகுப்பு திறந்த வாசலில் வேறு திசையிலும் ஆட்கள் வந்தார்கள். 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தனர். இதுவும் இருவர் வேலைதான்: ஒருவர் சொல், ஒருவர் ஒலி. திருக்குறளை நினைவூட்டும் பெயரே எதுகைச் சுவையோடு இருக்கிறது. திரு, தெரு இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ரு'. அரக்கோணத்திலிருந்து வந்த அறிவின் உச்சரிப்பில் வடமாவட்டத்துப் பேச்சு மறையாமல் நிற்கிறது. சாதியையும் அதிகாரத்தையும் பேசும்போது யாரிடம், எந்தத் தெருவில் நின்று பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரிகிறது. தமிழன் என்று அறிவித்துவிட்டு நிற்காமல், தமிழருக்குள் யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்று கேட்கிறது. 2012-இன் தொகுப்பு இல்லையென்றால் 2019-இன் காது தயாராகியிருக்காது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர், முதலாவதில் தாளத்தையும் இரண்டாவதில் சொல்லையும் அதிகம் குறிப்பெடுப்பார்.

தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூர்த் தமிழில், அந்த ஊர்ச் சந்தையையும் ஷிப்டு மணியையும் வைத்து ஒரு பெண் சொல்லிசைக்கும் தொகுப்புக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.